கருநீலத் தட்டான்

மூக்குக் குழாய் வழியாகக் கணவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவரோடு தட்டாம்பூச்சி பார்க்கப் போகும் குழுவிலிருந்த பாலுவின் அழைப்பு வந்தது. விசாலாக்ஷி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமி, ஞாயித்துக்கிழமை தட்டான் கணக்கெடுப்பு. சார் எப்பவும் பார்க்கற ஓடைக்கு இந்த வருஷம் ஆள் இல்லை. என்கூட வரேளா?"

"வரேன்" என்றாள். மறுப்பதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. அது அவளிடம் இல்லை.

சுந்தரேஷ் பக்கவாதத்தில் படுத்துப் பதினோரு மாதம். பேச்சு போய்விட்டது. கண்கள் திறந்திருக்கும்; அவை எதையாவது பார்க்கின்றனவா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. முதலில் அழுதாள். பிறகு அதுவும் நின்றது. திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, கஞ்சி என்று கைகள் மட்டும் வேலை செய்தன.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், சேறு அப்பிய ஷூவோடு மயூர் விஹார் ஃப்ளாட்டின் வாசலில் நின்று, "விசாலம், கருநீலத் தட்டானைப் பார்த்துட்டேன்" என்றார். கேமராவில் சார்ஜ் இல்லை. தில்லிப் பக்கம் அது தென்படுவதே அபூர்வம்; படமில்லாததால் குழுவினர் பட்டியலில் சேர்க்கவில்லை. கொலுவுக்கு வந்தவர்கள் முன்னால் விசாலாக்ஷி, "இவர் கண்ணுக்கு மட்டும் தெரியற தட்டான்" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதன்பின் தட்டான்களைப் பற்றி அவளிடம் அவர் பேசியதே இல்லை.

ஞாயிறு காலை பகல்நேர ஆயாவிடம் அவரை விட்டுவிட்டுக் கிளம்பினாள். தெற்கு தில்லியில், காட்டோரத்து ஓடை மழைக்குப் பின் கணுக்கால் அளவு ஓடியது. பாலு பெயர்களைச் சொல்லச் சொல்ல அவள் காகிதத்தில் கோடு போட்டாள். வெயிலும் தண்ணீர்ச் சத்தமும் எங்கோ தள்ளி இருந்தன. மேலே கல்குவாரிக் குட்டையைப் பார்த்து வருவதாக பாலு ஏறிப் போனான்.

அப்போது எதிர்ப் பாறையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கருநீல உடம்பு. வாலில் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகள். சிறகுகளின் அடியில் காப்பிக் கறைபோல ஒரு திட்டு. எழும்பிச் சுற்றிவிட்டு அதே பாறைக்குத் திரும்பியது. போன் பைக்குள் இருந்தது. அவள் கை நகரவில்லை. மகிழ்ச்சியும் வரவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அது போய்விட்டது.

பாலு இறங்கி வந்ததும் சொன்னாள்.

"போட்டோ எடுத்தேளா மாமி?"

"இல்லை."

"அச்சா... வேற ஏதாவதா இருக்கும். வெயில்ல நிறம் ஏமாத்தும்." அவன் பணிவாகச் சிரித்தான்.

"அவர்கிட்டயும் இப்படித்தான் சொன்னேளா?"

பாலு அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பையில் வைத்தான்.

வீட்டுக்கு வந்து, ஆயாவை அனுப்பிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, நானும் பார்த்தேன். பாறைமேல உட்கார்ந்தது. நீங்க சொன்ன மாதிரியே இருந்தது. நான் சொன்னா யாரும் நம்பலை."

அவர் கண்கள் விட்டத்தில் இருந்தன. அவருடைய கையை மடியில் எடுத்துவைத்து, உள்ளங்கையில் விரலால் வரைந்தாள். நீளமாக உடம்பு, இரண்டு பக்கமும் சிறகுகள், கறை இருந்த இடத்தில் ஓர் அழுத்தம். வரைந்து முடித்த பிறகுதான் அது வலது கை, உணர்வில்லாத கை என்று உறைத்தது.

எழுந்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனாள். மூடியிருந்த இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.