பத்தொன்பதுக்கு இறங்கிய பங்கு

ஞாயிறு மதியம் ஒன்றே கால். பங்குச்சந்தை திறக்க இன்னும் சரியாக இருபது மணி நேரம். திறந்ததும் மரியஅந்தோணி, தேயிலை ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருடம் உழைத்து வாங்கிய ஓய்வுப் பணம் ஆறு லட்சத்தையும் ஒரே கம்பெனியின் பங்கில் போட்டுவிடுவார். ஊருக்கு ஊர் சூப்பர் மார்க்கெட் நடத்தும் கம்பெனி. மகள் பிரிஸில்லா அதன் குன்னூர்க் கிடங்கில் கணக்கு எழுதச் சேர்ந்து இரண்டு வருடம்.

சர்ச் காலண்டரின் பின்பக்கம் அந்தப் பங்கின் ஆறு வருடத்துப் பி.இ. எண்களை வரிசையாக எழுதியிருந்தார். 84, 71, 76, 62, 58, 19.

"எம்பத்துநாலுக்குப் போன சரக்கு கண்ணு. பச்சைத் தேயிலை இப்படி இறங்குனா அப்படியேவா நிக்கும்?"

இது விலை இல்லை என்று பிரிஸில்லா நான்காவது முறையாகச் சொன்னாள். பங்கின் விலையை, ஒரு பங்குக்கு வருடத்தில் கிடைத்த லாபத்தால் வகுத்தால் வரும் எண். விலை இறங்கவே இல்லை. போன வருடம் 1,160, இந்த வருடம் 1,140. லாபம்தான் இருபதிலிருந்து அறுபதாகிவிட்டது.

அவர் முகம் மலர்ந்தது. லாபம் மூணு மடங்கா, அப்புறம் என்ன என்றார்.

பிரிஸில்லா பேனாவை மேசையில் வைத்து, மறுபடி எடுத்தாள். அந்த அறுபதில் நாற்பது, கட்டடங்களை விற்ற பணம். அடுத்த வருடம் வராது. அதைக் கழித்து வகுத்தால் ஐம்பத்தேழு. எதுவும் மலிவாகவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, பத்தொன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. இத்தலார்த் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்டிருந்த சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்ற வருடத்தை நினைவூட்டினாள். அந்த ஒரு வருட வரும்படியை வைத்து யாராவது தோட்டத்துக்கு விலை சொன்னால் சிரித்திருப்பீர்கள்தானே?

"அது மரம். இது கம்பெனி," என்றார். "சம்பளம் குடுக்கறவங்க மேலயே நம்பிக்கையில்லைன்னா, பி.எஸ்ஸி. எதுக்குப் படிச்ச?"

சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமலே தடுத்துவிடலாம் என்றுதான் காலையிலிருந்து வகுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனை எடுத்து, நாளைக்கு இப்போதே ஆர்டர் போட்டு வைக்க முடியுமா என்று தேடினார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கட்டடம் கட்டடம்ங்கறயே. எந்த ஊர்க் கட்டடம்? தெரியுமா உனக்கு?"

"குன்னூர்க் கிடங்கும் அதுல ஒண்ணுங்கப்பா," என்றாள் பிரிஸில்லா. "எல்லாரையும் அனுப்பிட்டாங்க. நான் லைப்ரரில போய் உக்காந்துட்டு வர்றேன். எனக்கு வேலை போயிப் பதினோரு நாளாச்சுங்க."