உருளைக்கிழங்கு காப்பாற்றிய ஆள்

டெஸாவின் அனுபவப் பட்டியலைப் படித்தால் எவருக்கும் கொட்டாவி வரும். மருத்துவமனையில் போர்வை வண்டி தள்ளியது, ஆய்வுக்கூடத்தில் எலிக் கூண்டு கழுவியது, டாக்டர் ஒருவரின் பின்னாலேயே நடந்து தலையாட்டியது. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதுதான். அதில் உயிருள்ள வரி ஒன்றே ஒன்று இருந்தது. ராஸ்பேண்ட் அம்மையார் அதைத்தான் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழி சொல்ல அவளுடைய பல்கலைக்கழகம் வைத்திருந்த ஆலோசகர் அவர். கறாரானவர்.

"இது நீ ஸ்கூல்ல படிக்கும்போது நடந்தது. எடுத்துடு."

"ஒரு மனுஷன் உயிரைக் காப்பாத்தியிருக்கேன் மேடம்!"

"காலேஜுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் தேர்வுக் குழுவுக்குப் போன ஜென்மம்."

"அப்ப என்ன செஞ்சிருக்கணும்? கொஞ்சம் பொறுங்க, காலேஜ்ல சேர்ந்துட்டு வந்து நெஞ்சை அமுக்குறேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கணுமா?"

அம்மையாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "காலேஜ் வந்தப்புறமும் அந்த வேலை தொடர்ந்திருந்தா தாராளமா போடலாம். தொடர்ந்துச்சா?"

டெஸா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோ மாநிலத்தில் அவளுடைய ஊர் பேஸ்பால் அணியின் சின்னமும் உருளைக்கிழங்குதான். ஆட்டத்தின்போது கூட்டத்தைக் குஷிப்படுத்த ஒருவர் அந்த வேஷம் போட்டு ஆடுவார். பதினாறு வயதில் அந்த வேஷத்துக்குள் இருந்தவள் அவள்தான். பஞ்சு அடைத்த பெரிய உருண்டை. கையும் காலும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஆட்டத்தின் நடுவே ஆர்வில் பிங்கம் என்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பாதி தின்ற ஹாட் டாக் ரொட்டியோடு படிக்கட்டில் சாய்ந்தார். மூச்சு இல்லை. பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி டெஸா அவர் நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். வேஷத்தின் ஜிப் முதுகில் இருந்ததால் கழற்ற வழியில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆர்விலின் மூன்று விலா எலும்புகள் முறிந்தன. ஆள் பிழைத்துவிட்டார்.

அதன் பிறகு அவள் அவரை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. கடையில் அவரைக் கண்டால் தானிய டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஒடித்த எலும்புக்காக மன்னிப்புக் கேட்பதா, உயிருக்காக நன்றியை வாங்கிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மே மாத விடுமுறைக்கு ஊர் வந்தவள், ஒருவழியாக அவரைத் தேடிப் போனாள். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடும் பௌலிங் கூடத்தில் சக கிழவர்களோடு பியர் குடித்துக்கொண்டிருந்தார். தான் யார் என்பதையும், தொடர்ச்சி இல்லையென்று அடிபட்ட அந்த வரியையும் அவள் சொன்னாள்.

"ஓஹோ, அந்தக் கிழங்கு நீதானா!" என்றார் ஆர்வில். "மழை வந்தா இந்தப் பக்கம் இன்னும் வலிக்குது, தெரியுமா?"

மேஜையே திரும்பிப் பார்த்தது. "என்னய்யா சொல்ற? நர்ஸ் ஒருத்தி காப்பாத்துனான்னுல்ல சொன்ன? பொன்னிற முடி, நெட்டையா..."

ஆர்வில் காது சிவந்தது. "பின்ன என்னடா சொல்லச் சொல்ற? கண்ணத் தொறந்தா மூஞ்சிக்கு மேல ஒரு உருளைக்கிழங்கு. செத்துட்டேன், நரகத்துல என்னைப் பொரிக்கப் போறாங்கன்னே நெனச்சேன்."

கிழவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஆர்வில் அவளைப் பார்த்தார். "உனக்குத் தொடர்ச்சி வேணும், அவ்வளவுதானே? இங்க இருக்கிற எவன் நெஞ்சும் உருப்படியா இல்ல. ஒருத்தன் விழுந்தா மத்தவன் அவன் பியரையும் சேர்த்துக் குடிப்பானே தவிர, அமுக்கத் தெரியாது. வந்து சொல்லிக்குடு."

"இனிமே ஆரம்பிச்சா அது தொடர்ச்சி ஆகாதே."

"அப்ப இத்தனை வருஷம் எங்க போயிருந்த?"

 அடுத்த செவ்வாய்க்கிழமை டெஸா, தீயணைப்பு நிலையத்தில் இரவல் வாங்கிய ரப்பர் பொம்மையோடு வந்துவிட்டாள். பொம்மைக்கு ஒரு கிழவர் தன் முன்னாள் மனைவியின் பெயரை வைத்து, தேவைக்கு மேலேயே பலமாக அமுக்கினார். இன்னொருவர் குனிந்தவர் எழ முடியாமல், இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அவர்களுடைய மனைவிமார்களும் வந்தார்கள். அவர்கள்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள்.

பட்டியலில் அடிபட்ட வரியின் இடத்தில் அவள் அதை எழுதினாள்: பௌலிங் கூடத்தில் முதலுதவி வகுப்பு, இந்த ஆண்டு மே முதல். உருளைக்கிழங்கு பற்றி ஒரு சொல்கூட இல்லை. ராஸ்பேண்ட் அம்மையார் குறை சொல்ல இடம் தேடிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார்.

இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது. கேள்வி கேட்ட டாக்டர் குவாக்கன்புஷ் என்ற அம்மாள் பட்டியலில் போர்வை வண்டியைத் தாண்டினார், எலிக் கூண்டைத் தாண்டினார். "பௌலிங் கூடமா? அங்க ஏன்?"

டெஸா நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டார்.

இதற்கு டெஸா விடை தயாரித்து வரவில்லை. "கோபம். ஜனங்க கை தட்டிட்டு இருந்தாங்க. ஆட்டத்துக்கு நடுவுல நான் ஏதோ வேடிக்கை காட்டுறேன்னு நெனச்சுட்டாங்க. பாட்டுகூடப் போட்டாங்க. அவர் செத்துட்டார்னுதான் நெனச்சேன். நிறுத்துன்னு யாரும் சொல்லல, அதனால நிறுத்தல. அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்ல. ஒளிஞ்சுக்கிட்டே திரிஞ்சேன்."

அம்மாள் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார்.

முதலில் காத்திருப்போர் வரிசையில் போட்டார்கள். இடம் கிடைத்தது என்று தெரிய அடுத்த கோடை வந்துவிட்டது. டெஸா நேரே பௌலிங் கூடத்துக்கு ஓடி ஆர்விலிடம் சொன்னாள்.

அவர் கட்டிப்பிடிக்கவில்லை, வாழ்த்தவுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கால் காலுறையைக் கழற்றினார். "டாக்டர் ஆயிட்டேல்ல. இந்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் பாரு."

"இன்னும் ஒரு வகுப்புகூடப் போகல, மிஸ்டர் பிங்கம்!"

"பாருன்னா பாரேன்."

டெஸா மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.