இரண்டு விரல் துணி

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தாள் மகள். வாசகர் வட்டத்துப் பெண்கள் நாலு பேரும் நாவலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தாயிற்று. இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் கைவிரித்த பிறகும் கூட்டத்தை ஒத்திப்போட அம்மா சம்மதிக்கவில்லை. அப்படியொரு பிடிவாதம்.

நாவலில் இரண்டு தோழிகள். ஒருத்திக்குக் கல்யாணம், முந்தின நாள் மற்றவள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விடுகிறாள். போனவள் துரோகி என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான டைப்பிஸ்ட் அத்தை. இல்லவே இல்லை என்றாள் அம்மா. ஒரு மாதமாகப் போனில் இதே சண்டை. முப்பது வருஷ சிநேகிதத்தில் டைப்பிஸ்ட் அத்தை ஒரு தடவைகூடத் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. சாவதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

அம்மா வாயைத் திறப்பதற்குள் டைப்பிஸ்ட் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரிடி. நீ சொன்னதுதான் சரி."

மகளுக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாவுக்கோ முகம் சிவந்துவிட்டது. கையை உருவிக்கொண்டாள்.

"சாகப்போறவளாச்சேன்னு பிச்சை போடுறியா? ஒழுங்கா சண்டை போடு. இல்லேன்னா எழுந்து போ."

"அம்மா, மூச்சு வாங்குது உனக்கு. பேசாம இரு," என்றாள் மகள்.

"நீ பேசாம இரு."

டைப்பிஸ்ட் அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பிறகு வெளுத்து வாங்கினாள். சொல்லிக்கொள்ளாமல் போகிறவள் என்ன தோழி, எழுபது பக்கம் கல்யாணப் பெண் அழுகிறாளே, அதற்கு யார் பொறுப்பு? கொஞ்சமும் இரக்கமில்லை. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாமா என்றிருந்தது மகளுக்கு. அம்மா மட்டும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் படி," என்றாள் கடைசியில்.

டைப்பிஸ்ட் அத்தை படித்தாள். ஊரைவிட்டுப் போகிறவள் அதற்கு முன்பு தோழியின் கல்யாண உடுப்பைத் தைத்து முடிக்கிறாள். இடுப்பில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விடுகிறாள்.

"நாப்பது வருஷம் தையல்கடை வெச்சிருந்தவ சொல்றேன்." அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்தாள். "அது எதுக்குத் தெரியுமா? பின்னாடி இவ உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்க. ஒழியட்டும்னு நினைச்சுப் போறவ, பத்து வருஷம் கழிச்சு இவ இடுப்பைப் பத்தியா கவலைப்படுவா?"

டைப்பிஸ்ட் அத்தை அந்தப் பத்தியை மறுபடி படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "இது என் கண்ணுலயே படல. நான்தான் தப்பு."

ஜெயித்த திமிரோடு அம்மா சிரித்தாள். இருமல் வந்தும் நிறுத்தவில்லை. சாயங்காலம் டீ கேட்டாள். இரண்டு வாய் குடித்தாள். விளக்குப் போடுவதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். நடந்ததைக் காதில் வாங்கியிருந்த எதிர்வீட்டு அக்கா டைப்பிஸ்ட் அத்தையின் தோளைத் தொட்டாள். "கடைசி நேரத்துல விட்டுக்கொடுத்து அவங்கள சந்தோஷமா அனுப்பி வெச்சீங்க. பெரிய மனசு உங்களுக்கு."

அழுது வீங்கிய கண்ணால் டைப்பிஸ்ட் அத்தை முறைத்தாள். "யாரு விட்டுக்கொடுத்தா? அவ ஜெயிச்சா."

மகள் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவின் தலைமாட்டில் போட்டாள். டைப்பிஸ்ட் அத்தை அதில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் தான் தோற்ற கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.