கோட்டைத் தாண்டாத விஜிலா

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருமைப்பட நன்றாகத் தெரியும். எதற்காகப் பெருமைப்படுகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. டிராக் சைக்கிள் பந்தயத்தில் என் தங்கச்சி பேபியின் மகள் விஜிலா ஆசிய அளவில் தங்கம் வாங்கினாள். அதற்கு அரசாங்க விருதும் கிடைத்தது. உடனே திருச்செந்தூர் ரோட்டில் எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு முழுக்க அவள் முகம் போட்ட பேனர்தான். மாதா கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்கிய பிள்ளையைச் சுற்றி நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் கேட்டார்களே கேள்வி!

"வட்டத்துலயே சுத்துனா எந்த ஊரு போய்ச் சேருவ?"

"இந்த விருது பத்மஸ்ரீக்கு மேலயா, கீழயா?"

"உன் சைக்கிள்ல பிரேக்கே கிடையாதாமே. வாங்கக் காசு பத்தலியோ?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவளோ ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள்.

ஊரில் உண்மையான மரியாதை யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். திருவிழா விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ஜெயிப்பவனுக்குத்தான். காலை ஊன்றாமல் எல்லோருக்கும் கடைசியாக வருபவன் வீரன். வருஷா வருஷம் அது ரெக்ஸ்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவன். பெண்பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கு லெமன் ஸ்பூனும் மியூசிக்கல் சேரும்தான்.

விஜிலா என்னையும் இழுத்துக்கொண்டு நேராக விழாக் கமிட்டித் தலைவர் டிக்சனிடம் போனாள். "எனக்குப் பொன்னாடை எல்லாம் வேண்டாம் மாமா. ஸ்லோ சைக்கிள்ல பொம்பளப் பிள்ளைகளையும் சேருங்க."

"நீ தாராளமா ஓட்டு தாயி. நீ விருது வாங்குனவ, உனக்கு மரியாதை செய்யணும்லா. மத்த பிள்ளைகளுக்கு எதுக்கு?"

வெளியே வந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு மட்டும் குடுக்கதுக்குப் பேரு மரியாதையா மாமா? சின்னதுல நான் இதே மைதானத்துல கெஞ்சிப் பாத்துட்டு அழுதுட்டுப் போனவ. அப்ப என் கையில விருது இல்ல."

ஆனாலும் ஓட்டுவேன் என்றாள்.

நடுவர் நான்தான். கால் தரையில் படக் கூடாது, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். விஜிலா தன் பந்தய சைக்கிளோடு வந்து நின்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரேக் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு மெதுவாகப் போவதாம்!

ரெக்ஸ் பாவப்பட்டான். "ஏளா, எங்க வீட்டு வண்டியத் தரட்டா?"

"இருக்கட்டும் அண்ணே."

விசில் ஊதினேன். கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காலை ஊன்றி வெளியேறினார்கள். ரெக்ஸ் கண்டெய்னரை இறக்குவதுபோல அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். விஜிலா நாலு முழம் போனாள். முன் சக்கரத்தை ஒருபக்கம் திருப்பி, இருக்கையிலிருந்து எழுந்து, அப்படியே நின்றுவிட்டாள்!

அவள் ஓட்டுவது ஸ்பிரிண்ட். எதிராளியை முன்னே போகவிட்டுப் பின்னாலிருந்து பாய்வதற்காக, அதில் சைக்கிளை அசையாமல் நிறுத்தி நிற்பார்களாம். அந்த வண்டியில் பெடலும் சக்கரமும் ஒன்றாகவே சுற்றும், பெடலைக் காலால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். தங்கம் வாங்கியவளிடம் இத்தனை நாளில் ஒருத்தராவது இதைக் கேட்டோமா?

"நிக்கது எப்படி ஓட்டுறதாவும்?" என்று ஒருத்தன் கத்தினான்.

"நிக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்லலே!" என்று நானும் கத்தினேன். "நிக்க முடியும்னு தெரிஞ்சிருந்தாதான எழுதுவானுவ!"

ரெக்ஸ் முடிவுக் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தான். விஜிலா பாதிகூட வந்திருக்கவில்லை. மைதானமே அதிர்ந்தது. அவள் நிதானமாக வந்தாள். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மறுபடியும் நின்றாள்.

"தாண்டுளா, கோப்பை உனக்குத்தான்!" என்றேன்.

"பொம்பளப் பிள்ளைகளையும் சேக்கோம்னு டிக்சன் மாமா மைக்ல சொல்லட்டும். அப்பத் தாண்டுதேன்."

டிக்சன் மைக்கிலேயே பதறினார். "கால் பட்டா கோப்பை ரெக்ஸுக்குப் போயிரும்மா."

"போகட்டும்."

அடுத்து கயிறு இழுக்க வேண்டியவர்கள் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விஜிலாவின் தொடை நடுங்க ஆரம்பித்தது. சைக்கிள் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. இந்த ஊரில் அவள் ஜெயிக்க ஆசைப்பட்ட ஒரே கோப்பை அது.

ரெக்ஸ் டிக்சனிடம் போனான். "அண்ணாச்சி, இப்படி வார கோப்பை எனக்கு வேண்டாம். சொல்லிருங்க."

"சரி... அடுத்த வருஷம் பாப்போம்."

விஜிலா அசையவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்க அவளுக்குக் கை இல்லை.

"அடுத்த வருஷம் என்னத்தப் பாக்கது? இன்னைக்கே விடுங்க!" பெண்கள் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குரல் என் தங்கச்சி பேபியுடையது. அவ்வளவுதான், அந்தப் பக்கம் முழுக்கக் கைதட்ட ஆரம்பித்தது. கோயில் பங்குச் சாமியாரும் சேர்ந்து தட்டினார்.

"சரி, சரி! இன்னைக்கே!" என்று மைக் அலறியது.

விஜிலா கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்து சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. அதற்குள் பிள்ளைகள் சைக்கிள் எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். பேபி ரெக்ஸின் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, தொடக்கக் கோட்டில் போய் நின்றாள்.

"எம்மா! உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தி ஓட்டுனவதான்ளா. தள்ளி நில்லு."

வரிசை நீண்டுகொண்டே போனது. போட்டிருந்த கோடுகள் போதவில்லை. டிக்சன் வேட்டியை மடித்துக் கட்டி, சுண்ணாம்புச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, குனிந்து புதுக் கோடு போட ஆரம்பித்தார்.