கடைசி வரிசைச் செடிகள்

கண்ணாடிக் கூடத்தில் செடிகளுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இந்தச் செடிகள் சாவதில்லை. வேரே பெரும்பாலான உப்பைத் தடுத்துவிடுமாம். தப்பி ஏறுவதை இலைவரை கொண்டுபோய், கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக வெளியே தள்ளிவிடுமாம். காலையில் இலையெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதைத் தூரிகையால் தட்டி, எடை பார்க்கத் தொட்டிக்கு ஒரு காகித உறையாகச் சேர்ப்பது என் மனைவி. வாளி தூக்க முடியாதவள் என்று நான்தான் கெஞ்சி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. உள்ளே போன உப்பை வெளியே தள்ள அந்த உடம்புக்குத் தெம்பில்லை. டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் உப்பு ஜாடியே கிடையாது. நானும் அவளோடு சப்பென்றுதான் தின்கிறேன்.

"சோறா இது, பஞ்சா?" என்பாள்.

"பஞ்சுதான். தின்னுட்டுப் படு" என்பேன்.

அப்படியும் கால் வீக்கம் வடியவில்லை. "உயிரோட விளையாடுறீங்க. வீட்ல யாரு உப்பு போடுறது?" என்று டாக்டர் என்னைத்தான் முறைத்தார்.

இன்று காலை, செடிகளை ஆராயும் மேடம் கூப்பிட்டார். "கடைசி வரிசையில மட்டும் கணக்கு உதைக்குதுங்க. ஊத்துன உப்பு மண்ணுலயும் இல்ல, செடியிலயும் இல்ல, உறையிலயும் இல்ல. எங்க போகுது?"

"தெரியலியே மேடம்" என்றேன். சொல்லிவிட்டு நேரே அங்கே போனேன்.

கடைசி வரிசை கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலை. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தூரிகை மடியில் கிடந்தது. ஓர் இலையை, குழந்தையின் காதைப் பிடிப்பதுபோல் மெல்லப் பிடித்து, நக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பினாள். உதட்டோரம் வெள்ளை.

"எத்தன நாளாடி?"

"கத்தாதய்யா. கரண்டி கரண்டியாவா திங்கிறேன்? செடி வேணாம்னு தள்ளுனதுதானே."

கை ஓங்கியிருப்பேன். உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைலேர்ந்து இந்த வேலைய நான் பாக்குறேன்."

"நல்லாப் பாத்த. நீயும் நக்குவ."

சிரித்தாள். மறுக்க வாயைத் திறந்தேன்; எச்சில் ஊறிக் கிடந்தது.

வீக்கம் பார்க்க டாக்டர் செய்வதுபோல் அவள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். மேடத்தின் செருப்புச் சத்தம் வரிசை வரிசையாக நெருங்கியது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். விரல் பதிந்த குழி மேலெழவில்லை.