ஆறில் ஒன்று

ரேடியோ என்று பட்டப்பெயர் பெற்றவர் கொண்டுவந்து மேசையில் போட்ட இரண்டு கால்சட்டைகளிலும் இடுப்புக் கொக்கி பிய்ந்திருந்தது.

"மூச்சைப் பிடிச்சு இழுத்து மாட்டினேன் அண்ணி, தாங்கலை. தொப்பை! எலும்பும் தோலுமா கிடந்தவனுக்குத் தொப்பை. பொண்டாட்டி பார்த்துட்டு அழறா. சந்தோஷத்துலதான்னு நினைக்கிறேன், கேக்கலை."

அவள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "கிரியேட்டினின் எவ்வளவு?" என்றாள்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு. டாக்டரே கைகுடுத்தாரு."

எப்போது வந்தாலும், சிறுநீரகம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பாள். அக்கறை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

டயாலிசிஸ் கூடத்தில் அவள் கணவருக்குப் பக்கத்து நாற்காலி இவருடையது. ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுற்றித் திரும்பும் நேரமெல்லாம் வாய் ஓயாது. ரேடியோ என்று பெயர் வைத்தவரே அவள் கணவர்தான். "உன்னை அணைக்கிற பொத்தான் எங்கடா இருக்கு?" என்பார். போன மழைக்காலத்தில், ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில், வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பு ஒரு காலையில் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம். ரத்த வகை சரி, திசுப் பொருத்தம் மட்டும் ஆறில் ஒன்று. இப்போதுள்ள மருந்துக்கு அதுவே நன்றாக ஓடும், காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து, சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். அவள் அப்போது கட்டம் போட்ட சட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பையின் கட்டம் மார்புக் கட்டத்தோடு ஒரு நூல் விலகியிருந்தது. வாடிக்கையாளர் பரவாயில்லை என்று சொல்லியும் பிரித்தாள். பொருந்தாததைச் சேர்த்துத் தைத்தால் நாலு சலவையில் பல்லிளித்துவிடும் என்பது அவள் தொழிலில் கற்ற வேதம்.

கணவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "நீ என்னடி சொல்ற?" என்றார்.

"ஆறுல ஒண்ணா? ஒட்டாதுங்க. இன்னும் நல்லதா வரும்."

அவர் சிரித்தபடி, "வீட்ல வேணாங்கறாங்க டாக்டர்," என்றார்.

மறுநாள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ரேடியோவுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். இவர்களுக்கு மறுபடி அழைப்பு வரவேயில்லை.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு கேவலமான ஆசை உட்கார்ந்திருந்தது. அந்தச் சிறுநீரகம் ரேடியோ உடம்பில் ஒட்டாமல் போகவேண்டும். போனால் அவள் சொன்னது சரி. இவர் முகத்தில் வீக்கம் தெரிகிறதா என்று பார்ப்பாள். அடுத்த நிமிடமே தன் கண்ணைத் தானே பிடுங்கிக்கொள்ளத் தோன்றும்.

"ஒண்ணு சொல்லவா?" ரேடியோ குரலைத் தாழ்த்தினார். "நர்ஸம்மா இப்பத்தான் வாய்தவறிச் சொன்னாங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்க யாரோ, பொருத்தம் போதலைன்னு விட்டுட்டாங்களாம். எனக்கு எவ்வளவு பொருத்தம் தெரியுமா? சைபர்! ஆறுல ஒண்ணுகூட இல்லை. என் வீட்டுக்காரிக்கும் எனக்கும் இருக்கிற பொருத்தம்தான். ஓடலையா?"

அவள் அளவு நாடாவை எடுக்கத் திரும்பினாள். அது கழுத்திலேயே தொங்கியது.

"ஏன் அண்ணி, அண்ணனும் அப்ப வரிசையில இருந்தாரே. அவருக்கு ஒரு போன்கூட வரலையா?"

குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியும் ரேடியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"வரலை," என்றாள்.

"பாவி மனுஷன்," என்று ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருக்கு வந்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து தொப்பை வளர்த்திருப்போம்."

அவள் இடுப்பளவு எடுக்க அவர் முன்னே குனிந்தாள். அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். வலது அடிவயிற்றில் தழும்பும், அதன் கீழே புதுச் சிறுநீரகம் வைத்த கைப்பிடி அளவு மேடும் தெரிந்தன. நாடாவோடு அவள் கை தயங்கியது.

"பயப்படாம சுத்துங்க. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

நாடாவைச் சுற்றினாள். தளர்வுக்காக எப்போதும் ஒரு விரலை உள்ளே விடுவது வழக்கம். விரல் அந்த மேட்டின்மேல் போய் நின்றது. வெதுவெதுப்பாக இருந்தது. முனைகள் சேர்ந்த இடத்தில் எண் கலங்கித் தெரிந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. தலைக்கு மேலே ரேடியோ பேசிக்கொண்டே இருந்தார்.