நாற்பது போன், அறுநூறு பேர்

தவறு லீலாவுடையதுதான். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் உள்ள கைப்பேசிக் கடையில் அவள் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். புதிய போனுக்கு முன்பதிவு தொடங்கிய வெள்ளிக்கிழமை, நாற்பது பேருக்குமேல் ஏற்காதபடி இணையப் படிவத்தில் வரம்பு போட மறந்துவிட்டாள். பத்து மணிக்குத் திறந்த படிவத்தை அவள் பதறி மூடியபோது மணி பத்து இருபது. அதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பதிந்திருந்தார்கள். ‘உங்கள் போன் உறுதி’ என்று அத்தனை பேருக்கும் பதிலும் போய்விட்டது.

“எல்லாருக்கும் ஒரே மெசேஜ் தட்டிவிடு லா, லீலா. முடிஞ்சுது,” என்றார் முதலாளி நசீர்.

“என் மிஸ்டேக் பாஸ். ஞாயித்துக்கெழம கவுண்டர சுதா பாத்துக்கட்டும். நானே ஒவ்வொருத்தரா கூப்ட்டு சொல்றேன்.”

குற்ற உணர்ச்சி பாதிதான். மீதியை அவரிடம் சொல்ல முடியாது. மணவிலக்குக்குப் பிறகு நான்கு வருடங்களாக அவள் பொங்கோலில் தனியாக இருக்கிறாள். கடையில் பேசுவதெல்லாம் விலையும் மாடலும்தான். வீட்டில் அந்தப் பேச்சும் கிடையாது. ஐந்நூறு பேரோடு பேசலாம் என்றதும் உள்ளுக்குள் ஏதோ ஓர் ஆசை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பின்னறையில் உட்கார்ந்து தொடங்கினாள். முதல் ஆள் ஆங்கிலத்தில் கத்தினார். இரண்டாவது பெண், “உறுதின்னு போட்டுட்டு இப்ப இல்லன்னா? போலீஸ்ல சொல்வேன்,” என்றாள். சிலர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். மதியத்துக்குள் தொண்டை கட்டிக்கொண்டது. நூறு பேரோடு பேசியிருந்தாள். ஒருவரும் அவள் பெயரைக் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“ஹலோ, மாசிலாமணி பேசுறேன். இந்த நம்பர்லேர்ந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் இருந்துச்சு. யாருங்க?” குரலில் அவசரமும் மகிழ்ச்சியும் இருந்தன.

பட்டியலில் பார்த்தாள். பூன் லே வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி முகவரி. போன் கிடைக்காத விவரத்தைச் சொன்னாள்.

“ஓ... கடையா?” குரல் இறங்கிவிட்டது. “இல்ல, லெம்பு ரோடு திடல்லதான் உக்காந்திருக்கேன். சேந்து சாப்பிட யாரும் கூப்டாங்களோன்னு நெனச்சேன். பரவாயில்லங்க.”

அதற்குள் இன்னோர் இணைப்பு ஒலித்தது. “சாரிங்க,” என்று சொல்லி அடுத்ததை எடுத்தாள். அதில் ஒருவர் பத்து நிமிடம் திட்டினார். அவள் காது அங்கே இல்லை.

ஐந்து மணிக்கு நசீர் எட்டிப்பார்த்தார். “வாய்ஸே போச்சே! மீதிப் பேருக்கு நான் மெசேஜ் அனுப்பிட்டேன். போ லா, போய்ச் சாப்பிடு.”

லெம்பு ரோடு இரண்டு தெரு தள்ளித்தான். திடல் முழுக்க ஞாயிறு விடுமுறைக்கு வந்த தொழிலாளர்கள். கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், போனில் ஊருக்குப் பேசினார்கள். தனியாக இருந்தவர்களும் நிறைய. இதில் யார் மாசிலாமணி? ஓரத்தில் நின்றபடி, குறித்து வைத்திருந்த எண்ணை அழைத்தாள்.

“கடையிலேர்ந்துதான்... லீலா பேசுறேன். வேற மாடல் ஏதாச்சும் வேணுமான்னு கேக்கலாம்னு...” அது பொய் என்று அவளுக்கே கேட்டது.

“வேணாம்மா. இருக்குற போனுக்கே ஒருத்தனும் கூப்பிடறதில்ல. புதுசுக்கு மட்டும் வந்துடுமா?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

“நீங்க சாப்ட்டீங்களா?” என்று அவர் கேட்டார்.

“இன்னும் இல்ல.”

“நேரத்துக்குச் சாப்பிடுங்க. தொண்ட வேற சரியில்ல போல.”

“நானும்... இங்க...” என்று தொடங்கினாள். நான் திடலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சேர்ந்து சாப்பிடலாமா என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? “நீங்களும் சாப்பிடுங்க,” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மூலைக்கடையில் இடியாப்பம் பொட்டலம் வாங்கினாள். நின்று சாப்பிட இடமில்லை. அதைக் கையில் பிடித்தபடி ரயில் நிலையத்துக்கு நடந்தாள். பொங்கோல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பொட்டலம் மடியில் இளஞ்சூடாக இருந்தது.